குறை சொல்ல யாருக்கு உரிமை: திறந்த உலக விளையாட்டுகளும் ஆட்டக்காரர்களும்

2023 நவம்பரில், ஸ்டார்ஃபீல்டு என்ற விண்வெளி விளையாட்டைக் குறைகூறி, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் எழுதியிருந்த சிலருக்கு, அதை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து பதில்கள் வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களில் பெரும்பாலானவை வெறுமையாகக் கிடக்கின்றன, நடந்து நடந்து சலிப்புத்தான் மிஞ்சுகிறது என்பது ஆட்டக்காரர்களின் குறை. நிலவில் இறங்கிய வீரர்களுக்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை, ஆனாலும் அவர்களுக்குச் சலிப்புத் தட்டவில்லையே என்பது வந்த பதில்களில் ஒன்றின் சாரம். அடுத்த மாதம் அந்த விளையாட்டின் வடிவமைப்பு இயக்குநர் சமூக ஊடகத்தில் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். ஒரு விளையாட்டு பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, ஆனால் அது ஏன் அப்படி அமைந்தது என்பது தமக்குத் தெரியும் என்று ஆட்டக்காரர்கள் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம் என்பது அவர் சொன்னதன் பொருள்.

ஒரே குரலில் எழுந்தவை போலத் தோன்றினாலும் இந்த இரண்டு பதில்களும் வெவ்வேறானவை. முதலாவது ஆட்டக்காரரின் அனுபவத்தையே மறுக்கிறது. இரண்டாவது, அனுபவத்தை ஒப்புக்கொண்டு, அதற்குக் காரணம் கற்பிக்கும் உரிமையை மட்டும் மறுக்கிறது. அப்போது மூண்ட வாக்குவாதத்தில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போயின. என் பார்வையில் முதல் பதில் முழுக்கத் தவறு, இரண்டாவது பாதி சரி. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க, இந்த வகை விளையாட்டுகள் எப்படி இயங்குகின்றன என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

படைப்பாளர் வகுத்த பாதையிலேயே ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும் விளையாட்டில், ஆட்டக்காரர் எந்த நேரத்தில் எங்கே நிற்பார், எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது ஏறத்தாழ முன்பே தெரியும். திறந்த உலக விளையாட்டு இந்த நிச்சயத்தைத் தெரிந்தே கைவிடுகிறது. எங்கு வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் முதலில் செய்யலாம் என்பதைச் சொல்லித்தான் அது விற்கப்படுகிறது. அதன் விளைவு எப்படி இருக்கும் என்பதை ஒரு கற்பனைக் காட்சியில் பார்க்கலாம். ஒருவர் கதையின் மூன்றாவது பணியை முடிக்கும் முன்பே, ஏழாவது பணிக்குரிய ஊருக்குள் குதிரையோடு நுழைகிறார். அவரைத் துரத்திவந்த காவலர்கள் வீசிய வாள் ஊர்க்காரர் ஒருவர்மீது பட்டு, அவர் இறந்துபோகிறார். அவர்தான் ஏழாவது பணியைத் தொடங்கிவைக்க வேண்டியவர். குதிரையும் காவலரும் வாளும் நிரலில் எழுதியபடியே பிசகில்லாமல் வேலைசெய்திருக்கின்றன, ஆனால் கதை அத்தோடு முட்டுச்சந்தில் நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட சேர்க்கைகள் கோடிக்கணக்கில் இருக்க முடியும், அவற்றில் எதை யார் எப்போது மிதிப்பார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை.

சோதித்துப் பார்க்க ஆட்களே இல்லையா என்று கேட்கலாம். நூறு பேர் வாரத்துக்கு 40 மணி நேரம் வீதம் ஆண்டு முழுவதும் ஆடிச் சோதித்தால் 2,08,000 மணி நேரம் ஆகும். வெளியீட்டு நாளன்று பத்து லட்சம் பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆடினாலே அது பத்து லட்சம் மணி நேரம். ஓர் ஆண்டுச் சோதனையின் ஏறத்தாழ ஐந்து மடங்கு, ஒரே மாலையில் நடந்துமுடிகிறது. ஆகவே தம் உலகத்தின் முழு உருவத்தைப் படைப்பாளர்களே முதன்முதலாக அறிந்துகொள்வது ஆட்டக்காரர்களின் வாயிலாகத்தான். வேறு பல பொருள்களில் வாங்கியவரின் குறை என்பது விற்பனைக்குப் பின் வரும் உபரி. இங்கே அதை உருவாக்கத்தின் கடைசிக் கட்டமாகவே எண்ண வேண்டியிருக்கிறது. குறைசொல்ல உரிமை உண்டா என்ற கேள்வியே இந்த இடத்தில் சற்று விநோதமாக ஒலிக்கிறது.

இருந்தாலும் அந்த வடிவமைப்பு இயக்குநர் சொன்னதில் சரியான பாதி ஒன்று உண்டு. 2018இல் பிளேஸ்டேஷன் 4 என்ற விளையாட்டுக் கருவிக்கு (கன்சோல்) வந்த ஸ்பைடர்மேன் விளையாட்டின் கதை அதற்கு நல்ல சான்று. முந்தைய ஆண்டு காட்டப்பட்ட முன்னோட்டத்தில், ஒரு கட்டுமானத் தளத்தின் தரையில் பெரிய தண்ணீர்க் குட்டை ஒன்று சுற்றுப்புறத்தைப் பளபளவென்று பிரதிபலித்தது. வெளியீட்டுக்குச் சற்று முன் வந்த படங்களில் அந்தக் குட்டை சுருங்கியிருந்தது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, கன்சோலால் தாங்க முடியாமல் கிராபிக்ஸ் தரத்தைக் குறைத்துவிட்டார்கள், காட்டியது ஒன்று, தருவது ஒன்று என்று கொதித்தவர்கள் பலர். தரத்தில் எந்தக் குறைப்பும் இல்லை, குட்டைகளின் அளவை மாற்றினோம், அவ்வளவுதான் என்றது உருவாக்கிய இன்சோம்னியாக் நிறுவனம். விளையாட்டு கைக்கு வந்தபோது அதன் காட்சித் தரத்தைக் குறை சொல்ல அதிகம் பேர் இருக்கவில்லை. பிறகு அந்த நிறுவனம், ஆட்டக்காரர்கள் எடுக்கும் படங்களில் ஒட்டிக்கொள்ளத் தண்ணீர்க் குட்டை ஸ்டிக்கர்களை ஓர் அப்டேட்டில் சேர்த்துக் கேலியாகவே பதிலை முடித்துக்கொண்டது.

ஆட்டக்காரர்கள் கண்டது உண்மை: குட்டை சிறியதாகத்தான் ஆகியிருந்தது. கற்பித்த காரணம் மட்டும் பிழை. அதே விளையாட்டில் உண்மையிலேயே இருந்த தொழில்நுட்பச் சிக்கலோ எவர் கண்ணுக்கும் படவில்லை. சிலந்தி மனிதன் நகரத்தின் மேலே வேகமாகத் தாவிச் செல்லும்போது, அடுத்த தெரு முழுவதையும் சுழலும் வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு அந்தச் சில நொடிகளுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். தட்டின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக்கிடக்கும் கோப்புகளைத் தேடி எடுக்க நேரம் போதாது. அதனால், எல்லாத் தெருக்களிலும் திரும்பத் திரும்ப வரும் சில பொருள்களின் தரவு தட்டில் 400 முறை வரை நகலெடுத்து வைக்கப்பட்டிருந்ததாக, பிளேஸ்டேஷன் 5இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஆற்றிய உரையில் விளக்கினார். திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு இதில் எதுவும் தெரிய வாய்ப்பில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசி, 'சோம்பேறித்தனம்', 'ஏமாற்று' என்று காரணத்தையும் அவரே எழுதிக்கொள்ளும்போது விமர்சனம் தன் நிலத்தை விட்டு வெளியேறிவிடுகிறது.

ஆனால் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு, அதை நான் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறேன். 2013இல் தொடங்கிய ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டில், லோடிங் ஆவதற்குள் பொறுமை போய்விடுகிறது என்ற புலம்பல் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரிய உலகம், பல ஆட்டக்காரர்கள், இணைய இணைப்பு என்று எல்லோரும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள். அத்தனை பெரிய நகரத்தை ஏற்ற நேரம் ஆகத்தானே செய்யும் என்று குறை சொன்னவர்களையே அடக்கியவர்களும் இருந்தார்கள். 2021 பிப்ரவரி இறுதியில், நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு நிரலாளர், மூல நிரல் கையில் இல்லாமலேயே, தம் கணினியில் லோடிங் ஆக எடுத்த ஆறு நிமிடமும் செயலி என்னதான் செய்கிறது என்று அளந்து பார்த்தார்.

அவர் கண்டறிந்தது உலகத்தின் பரப்போடு சற்றும் தொடர்பில்லாதது. விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் ஏறத்தாழ 10 மெகாபைட் அளவுள்ள ஓர் உரைக்கோப்பாக இருந்தது, அதில் சுமார் 63,000 பதிவுகள். ஒவ்வொரு சிறு துண்டைப் படிக்கும்போதும், மீதமுள்ள உரை எவ்வளவு நீளம் என்பதை இறுதிவரை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நிரல் அடுத்த துண்டுக்குப் போனது. ஒரு புத்தகத்தின் ஒவ்வொரு சொல்லையும் வாசிக்கும் முன், கடைசிப் பக்கம் வரை எழுத்துகளை எண்ணிவிட்டு வருவது போன்ற வேலை இது. அதோடு விடவில்லை. படித்த பொருளைப் பட்டியலில் சேர்க்கும் முன், அது ஏற்கெனவே இருக்கிறதா என்று அதுவரை சேர்ந்த அத்தனை பொருள்களோடும் ஒன்றொன்றாக ஒப்பிட்டது. 63,000 பொருள்களுக்கும் இதைச் செய்தால் மொத்தம் 198 கோடிக்கு மேற்பட்ட ஒப்பீடுகள் வரும். இந்த இரண்டு இடங்களையும் அவர் தம் கணினியில் திருத்திப் பார்த்தபோது, ஆறு நிமிடக் காத்திருப்பு ஒரு நிமிடம் ஐம்பது நொடியாகச் சுருங்கியது. மார்ச் நடுவில், விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு திருத்தத்தை வெளியிட்டது, அவருக்கு 10,000 டாலர் வெகுமதியும் கொடுத்தது.

இத்தனை ஆண்டுகளாகக் 'காத்திருப்பு நியாயமற்றது' என்று சொன்ன லட்சக்கணக்கானவர்களில் ஏறத்தாழ எவருக்கும் காரணம் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் சொன்னது சரி. 'கேம் எப்படிச் செய்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா' என்று அவர்களை மடக்கியவர்கள் சொன்னதுதான் தவறாகப் போனது. காரணம் தெரியாததால் ஒரு குறை பொய்யாகிவிடுவதில்லை என்பதை இவ்வளவு துல்லியமாக, எண்ணிக்கையோடு காட்டிய வேறொரு நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. அனுபவத்துக்கு ஆட்டக்காரரே சாட்சி. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் மட்டும், அந்த நிரலாளரைப் போல அளந்து காட்டும் பொறுப்பு அவர்மேல் விழுகிறது.

இதுவரை பேசியது விளையாட்டின் உள்ளே நடப்பதைப் பற்றி. விற்கும்போது சொன்ன சொல்லைப் பற்றிய விமர்சனத்துக்கு இந்த வரம்புகூடப் பொருந்தாது. திறந்த உலகம் என்ற சொல்லே ஒரு வாக்குறுதிதான், அதனால் வாயால் பந்தல் போடும் ஆசை இந்தத் துறையில் பழையது. 1984இல் வந்த எலைட் என்ற விண்வெளி விளையாட்டில், 32 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினிக்குள் 8 விண்மீன் மண்டலங்களை, ஒவ்வொன்றிலும் 256 கோள்களோடு, கணிதச் சூத்திரத்தால் விரித்துக் காட்டினார்கள். அந்தச் சூத்திரத்தால் கோடானுகோடி மண்டலங்களைத் தந்திருக்கவும் முடியும். வெளியீட்டாளர்தான், அவ்வளவு காட்டினால் எல்லாம் செயற்கை என்பது ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார். அந்த அடக்கம் பின்னால் வந்தவர்களிடம் தங்கவில்லை.

2016 ஆகஸ்டில் வெளியான நோ மேன்ஸ் ஸ்கை, இரண்டின் 64ஆம் அடுக்குக்குச் சமமான கோள்களைக் கொண்டிருந்தது. அந்த எண்ணிக்கை உண்மைதான். ஆனால் வெளியீட்டுக்கு முன் அளித்த நேர்காணல்களில், அதை உருவாக்கிய ஹலோ கேம்ஸின் நிறுவனர் ஷான் மரே, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்கலாம், பிரபஞ்சம் பெரிதென்பதால் அது அரிதாகவே நேரும் என்ற எண்ணத்தை ஏற்படுத்தியிருந்தார். வெளியான உடனேயே இரண்டு பேர் ஒரே கோளில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. பிரிட்டனின் விளம்பரத் தர நிர்ணய ஆணையம் புகார்களை விசாரித்து, ஸ்டீம் பக்கத்திலிருந்த விளம்பரம் தவறாக வழிநடத்தவில்லை என்று 2016 நவம்பரில் முடிவுசெய்தது. இதை வைத்து, ஆட்டக்காரர்களின் கோபம் ஆதாரமற்றது என்று சிலர் வாதிட்டார்கள். அந்த ஆணையம் பார்த்தது விற்பனைப் பக்கத்தின் படங்களையும் விளக்கத்தையும். ஆட்டக்காரர் கேட்டு நம்பியது பல மாத நேர்காணல்களை. சட்டத்தின் கண்ணில் குற்றமில்லை என்பதும், சொன்ன சொல் நிற்கவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஒருவரையொருவர் முழு உருவத்தில் கண்டு சேர்ந்து ஆடும் வசதி 2018 ஜூலையில்தான் வந்தது, அதுவும் இலவச அப்டேட்டாக. அது பாராட்டத்தக்கது என்றாலும், 2016இல் எழுந்த குறை அன்றைக்கு நியாயமானது என்பதை அது மாற்றுவதில்லை.

சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டின் வரலாறு இதைவிடக் கனமானது. 2020 டிசம்பர் 10 அன்று வெளியாகும் முன், விமர்சகர்களுக்கு அனுப்பப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. அதிலும் தாங்கள் பதிவுசெய்த காட்சிகளைக் காட்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. 2013ஆம் ஆண்டுத் தலைமுறைக் கன்சோலில் வாங்கியவர்கள், முகங்கள் உருப்பெறாமல் மங்கித் தெரிவதையும், அடிக்கடி ஆட்டம் நின்றுபோவதையும் வீட்டுக்கு வந்த பிறகே கண்டார்கள். ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மறுபடி விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில். முதலீட்டாளர்கள் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 18.5 லட்சம் டாலருக்குச் சமரசத்தில் முடிந்தது. இங்கே ஆட்டக்காரரிடம் தொழில்நுட்ப அறிவை எதிர்பார்ப்பது கேலிக்குரியது. எந்தக் கருவியில் ஓடும் என்று சொல்லி விற்றார்களோ அந்தக் கருவியில் ஓடவில்லை என்று சொல்ல, கண் இருந்தால் போதும்.

இதே நிகழ்ச்சியில் இன்னொரு கேள்வியும் மறைந்திருக்கிறது: படைப்பாளர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? 2021 ஜனவரியில் வெளியிட்ட காணொளியில், சைபர்பங்க்கை உருவாக்கிய நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி, வெளியிடும் முடிவு தம்முடையதும் நிர்வாகக் குழுவினுடையதும்தான், குழுவினரைக் குறைகூற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை வாங்கப்பட்டவர்கள் அந்தக் குழுவினர். அந்த மாதங்களிலேயே, வெளியீடு மூன்று வாரம் தள்ளிப்போன 2020 அக்டோபரில், அவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. தேதியைத் தீர்மானிக்காதவரைத் தேதிக்காக மிரட்டுவதை விமர்சனம் என்ற தலைப்பின் கீழ் விவாதிப்பதே அந்தச் சொல்லுக்கு இழுக்கு. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனால் இந்த இரக்கத்தைக் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. குறை சொன்னால் பாடுபட்ட தொழிலாளிக்குத்தான் அடி விழும் என்பது அவர்கள் வாதம். 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் விளையாட்டை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அவர்களின் சராசரி 85ஐத் தொட்டால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்தது, கிடைத்தது 84. ஒரே ஒரு புள்ளி. வேதனையான கதைதான். ஆனால் பிழைகள் நிறைந்திருந்த ஒரு வெளியீட்டுக்கு விமர்சகர் எவரேனும் மனமிரங்கி மதிப்பெண்ணைக் கூட்டியிருக்க வேண்டும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. உழைத்தவரின் பணத்தை அடுத்தவரின் மதிப்பெண்ணோடு முடிச்சுப்போட்டது ஒப்பந்தம், அந்த முடிச்சைக் கேள்வி கேட்பதும் நியாயமான விமர்சனமே. வணிக முடிவுகளைப் பொறுத்தவரை ஆட்டக்காரர்களின் குரல் விரைவாகவே வென்றிருக்கிறது: ஸ்கைரிம் விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்புகளை (மாட்கள்) ஸ்டீமில் விலைக்கு விற்கவும், செய்தவருக்கு 25 விழுக்காடு மட்டும் கொடுக்கவும் 2015 ஏப்ரலில் தொடங்கிய திட்டம், எதிர்ப்பு தாங்காமல் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

எஞ்சியிருப்பது 'சலிப்பாக இருக்கிறது' என்ற குறை. எல்லாவற்றிலும் எளிதாக ஒதுக்கித் தள்ளப்படுவது இதுதான், ஏனென்றால் இதை அளந்து காட்ட முடியாது. ஸ்டீமில் ஒவ்வொரு விமர்சனத்தின் மேலும் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது தெரியும். 200 மணி நேரம் ஆடிவிட்டுச் 'சலிப்பு, வாங்காதீர்கள்' என்று எழுதியவரைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. நேர்க்கோட்டில் செல்லும் விளையாட்டு சலிப்பானதா என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். திறந்த உலகமோ தொடக்கத்தில் எப்போதும் வியப்பூட்டும். எதிரில் தெரியும் மலை, கால் வைக்காத ஊர், நிரம்பாத வரைபடம் எல்லாம் வாக்குறுதிகளாகவே நிற்கும். நாற்பதாவது குகைக்குள் நுழையும்போதுதான், மேசையின்மேல் கிடக்கும் கடிதமும் மூலையில் இருக்கும் பெட்டியும் ஏழாவது குகையில் பார்த்த அதே கடிதம், அதே பெட்டி என்பது உறைக்கும். இதைச் சொல்லும் தகுதி அவ்வளவு நேரம் ஆடியவருக்கே உண்டு. ஸ்டீமில் காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருவது இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி நிறுத்தியவருக்குத்தான். ஆகவே இந்த வகையின் மிக முக்கியமான குறை தெரியவரும்போது, சொல்வதைத் தவிர வேறெதுவும் அவர் கையில் மிச்சமிருப்பதில்லை.

ஸ்டார்ஃபீல்டுக்குத் திரும்பினால், சலிப்பு என்று சொன்னவர்களின் புகாரில் இரண்டு விஷயங்கள் அடிக்கடி வந்தன. கோள்களின் பரந்த நிலத்தைக் கால்நடையாகவே கடக்க வேண்டியிருந்தது, வண்டி இல்லை. நகரங்களின் வரைபடம் வெறும் புள்ளிகளாக இருந்ததால் கடை எங்கே என்று தேடியே நேரம் போனது. 2024 மே மாத அப்டேட்டில் நிலப்பரப்பின் விரிவான வரைபடங்கள் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் கோள்களின்மேல் ஓட்டிச்செல்ல நான்கு சக்கர வண்டி ஒன்று வந்தது. நிலவுக்குப் போன வீரர்களை எடுத்துக்காட்டிய பதில் வந்து அப்போது ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன.